‘நிலாயம்’ என்று ஒரு சொல் உண்டா? – களவு போன என் தொடர்கதை

பனாட்டு | வெள்ளி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். பொதுவில் புலம்புகிற ஆள் இல்லை நான். மூன்று நாட்களாக நித்திரை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

2021-இல் இங்கே 42 அத்தியாயமாக ஒரு தொடர் எழுதினேன். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கதை. மதி, அவளுடைய அம்மம்மா, லண்டனில் இருந்து திரும்பி வருகிற ஒருத்தன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒரு வாசகி இணைப்பு ஒன்றை அனுப்பி, “அக்கா, இது உங்கள் கதையா, இல்லை எனக்குத்தான் மண்டை குழம்பிவிட்டதா?” என்று கேட்டார். ஒரு கதைச் செயலியில், வேறு ஒருவர் பெயரில் என் கதை. பருத்தித்துறை தூத்துக்குடி ஆகிவிட்டது. மதி நிலா ஆகிவிட்டாள். 42 அத்தியாயம் 38 ஆகச் சுருங்கியிருக்கிறது. மற்றபடி என் வரிகள், என் காற்புள்ளிகள்.

இங்கே எனக்கு இருந்ததைவிட அங்கே வாசகர்கள் பல மடங்கு. அதுகூடப் பரவாயில்லை. அம்மம்மா செத்துப்போகிற அத்தியாயத்தின் கீழே ஒரு பெண் எழுதியிருக்கிறார்: “உங்கள் பாட்டியை எவ்வளவு நேசித்திருந்தால் இப்படி எழுத முடியும்!” அதற்கு அந்த ‘எழுத்தாளர்’ ஒரு கும்பிடு போட்டு, “ஆமாம்டா, எழுதும்போதே அழுதுவிட்டேன்” என்கிறார். அது என் அம்மம்மா. அந்த இருமலும், வளவு முருங்கையோடு அவர் கதைக்கிற கதையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டவை.

“இது என்னுடைய கதை” என்று அங்கே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் என் கருத்தை அழித்து என்னைத் தடையும் செய்துவிட்டார். இனி என்ன செய்யலாம்?

நள்ளிரவுவாசகி | வெள்ளி, இரவு 10.15

மண்டை குழம்பிய வாசகி நான்தான். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி வீட்டில் எல்லோரும் கதிரையில் உட்காருகிறார்கள். விறாந்தை இருக்கிறது, சவர்க்காரம் இருக்கிறது, பையன் சைக்கிளை உழக்குகிறான். எல்லாம் இலங்கைப் பேச்சு. நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் தெருவில் யாரும் சைக்கிளை உழக்கி நான் பார்த்ததில்லை, மிதிக்கத்தான் செய்வோம். அப்புறம் அந்த ‘வெளிச்சவீடு’! எங்களுக்கு அது லைட்ஹவுஸ், புத்தகத்தில் கலங்கரை விளக்கம்.

எல்லாவற்றுக்கும் மேல், நிலா வீட்டு மொட்டைமாடியில் நின்று “வடக்கே விரிந்து கிடந்த கடலை”ப் பார்க்கிறாள். தூத்துக்குடியில் கடல் கிழக்கே இருக்கிறது, தாயே.

சுடுகாபி | வெள்ளி, இரவு 10.21

அந்தம்மா பெயரைச் சொல்லுங்கள், முகநூல் முகவரியைப் போடுங்கள். இன்று ராத்திரியே ஐம்பது பேர் போய் அந்தக் கதையின் கீழே எழுதுவோம். இதுகளுக்கெல்லாம் பொது இடத்தில் மானத்தை வாங்கினால்தான் புத்தி வரும்.

மாடிப்படி (நெறியாளர்) | வெள்ளி, இரவு 10.40

சுடுகாபி, கோபம் புரிகிறது. ஆனால் பெயரோ படமோ இணைப்போ இந்த இழையில் வராது. வந்தால் நீக்குவேன். காரணம் சொல்கிறேன், புதியவர்களுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் முன்பு கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இங்கே ஒரு ஒப்பந்தக் கல்யாணக் கதை எழுதினாள். ஆறாவது அத்தியாயத்தில் யாரோ “இது இன்னாருடைய கதை” என்று ஒரு வரி போட்டார். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் 60 பின்னூட்டம். அவள் அப்பா பெயர்வரை தேடி எடுத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, ‘ச்சே’ என்று ஒரு முகக்குறி போட்டேன். மறுநாள் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஒரு வரிகூட ஒன்றில்லை. பணக்கார நாயகன், கடனில் இருக்கும் அப்பா, ஒரு வருட ஒப்பந்தம், கடைசியில் மனசு மாறுவது. இதை எழுதாதவர் நம்மில் யார்? மன்னிப்பு கேட்டு மடல் போட்டேன், பதில் இல்லை. அதற்கப்புறம் அவள் இங்கே எழுதவே இல்லை.

பனாட்டு, உங்கள் விஷயம் அப்படி இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் முதல் வேலை சாட்சியைப் பத்திரப்படுத்துவது. நீங்கள் கருத்துப் போட்டதால் அவர் உஷாராகிவிட்டார், எந்த நேரமும் அழிக்கலாம், திருத்தலாம். எல்லா அத்தியாயத்தையும் முகவரியும் தேதியும் தெரிகிறமாதிரி இன்றிரவே படம் பிடியுங்கள். பொதுவில் திறக்கிற பக்கமாக இருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். தேதி முத்திரையோடு ஒரு பிரதி நம் கையில் இல்லாமல் மூன்றாம் ஆளிடம் இருப்பது நல்லது. உள்நுழைந்தால்தான் தெரியும் என்றால் அது வேலைக்கு ஆகாது. போனில் திரைப்பதிவு போட்டு, செயலியைத் திறப்பதில் இருந்து கடைசி அத்தியாயம்வரை உருட்டிக்கொண்டே போங்கள். இங்கே உள்ள உங்கள் மூலப் பதிவுகளில் கை வைக்கவே வேண்டாம், எழுத்துப்பிழைகூடத் திருத்த வேண்டாம். 2021-இல் வாசகர்கள் போட்ட பின்னூட்டங்கள் தேதியோடு அப்படியே இருக்கின்றன. அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒற்றெழுத்து | சனி, காலை 6.30

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். நள்ளிரவுவாசகியிடம் தனிமடலில் இணைப்பு வாங்கி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வெகுநாள் கழித்து இவ்வளவு சிரித்தேன். பனாட்டு மன்னிக்க வேண்டும்.

அந்தம்மா கதையைப் படித்து மாற்றவில்லை. ‘தேடி மாற்று’ கொடுத்திருக்கிறார். ‘மதி’ இருக்கும் இடமெல்லாம் ‘நிலா’ போடு என்றிருக்கிறார். கணினிக்கு மதி பெண்ணா, எழுத்தா என்று தெரியுமா? ‘மதிய வெயில்’ ‘நிலாய வெயில்’ ஆயிற்று. மதியம் நிலாயம் ஆயிற்று. நாயகன் செய்வது ‘ஏற்றுநிலா’ வியாபாரம். நிலா கல்யாணத்துக்குச் ‘சம்நிலாத்தாள்’. 23-ஆம் அத்தியாயத்தில் அவள் மனம் ‘நிலால் மேல் பூனை’யாகத் தவிக்கிறது. மதில் மேல் பூனையை இந்த உயரத்துக்கு இதுவரை யாரும் ஏற்றியதில்லை.

வேடிக்கை இருக்கட்டும். இவற்றில் பாதியை அவரே பார்த்துத் திருத்தியிருக்கிறார். முதல் பத்து அத்தியாயம் சுத்தமாக இருக்கிறது. கண்ணில் குத்தும் தப்பை யாரும் திருத்திவிடலாம். குத்தாத ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளைக் காட்டிக் கொடுக்கிறது.

பள்ளியில் உடம்படுமெய் படித்தது ஞாபகம் இருக்கிறதா? இ, ஈ, ஐ என்று முடியும் சொல்லோடு உயிரெழுத்து வந்து சேர்ந்தால் நடுவில் யகரம் வரும். ஆ போன்றவற்றில் முடிந்தால் வகரம் வரும். மதி + ஐ = மதியை. நிலா + ஐ = நிலாவை. நம் காதுக்கு இது தானாக வரும். நிலா என்று மனதில் நினைத்து எழுதும் எந்தத் தமிழரும் ‘நிலாவை, நிலாவின், நிலாவும்’ என்றுதான் எழுதுவார். அந்தக் கதையில் 11-ஆம் அத்தியாயத்தில் இருந்து ‘நிலாயை, நிலாயின், நிலாயும், நிலாயிடம்’ என்று வரிசையாக வருகிறது. அந்த யகரம் நிலாவுடையது இல்லை. அது மதி விட்டுப்போன யகரம். பெயரைப் பிடுங்கிய பிறகும் அவளுடைய ஒட்டு மட்டும் அங்கே கிடக்கிறது.

“இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்துவிட்டோம்” என்று அவர் சொன்னால், சரி, உங்கள் நாயகிக்கு யகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும்.

பனாட்டு | சனி, காலை 9.05

ஒற்றெழுத்து ஐயா, நான்கு நாளைக்குப் பிறகு இன்று சிரித்தேன். நிலால் மேல் பூனை!

உங்கள் பதிவைப் பார்த்தபிறகு எனக்கும் ஒன்று ஓடியது. என் கதையில் ஒரு பிழை இருக்கிறது. சின்னமாமா ஒன்பதாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறார். 17-இல் எனக்கு மறந்துபோய் அவரை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி குடிக்க வைத்துவிட்டேன். அப்போதே வாசகர்கள் பகிடி பண்ணினார்கள். வெட்கத்தில் திருத்தாமல் விட்டேன். இப்போது அங்கே போய்ப் பார்த்தேன். தூத்துக்குடியிலும் செத்த சின்னமாமா இருந்து தேநீர் குடிக்கிறார். ‘தேத்தண்ணி’யை மட்டும் ‘டீ’ என்று மாற்றியிருக்கிறார்கள்.

ஒற்றெழுத்து | சனி, காலை 9.20

அதைத் தங்கத்தில் பொதிந்து வையுங்கள். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பார்த்ததும் இதைத்தான். சரியான பாடம் இரண்டு சுவடியில் ஒத்திருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தப்பு இரண்டிலும் இருந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் தாய் ஒன்று.

பொட்டிதட்டி | சனி, காலை 11.40

தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம். நம் கதை வேறெங்காவது இருக்கிறதா என்று தேடும்போது பெரும்பாலோர் கதைப்பெயரையோ நாயகி பெயரையோ போடுகிறார்கள். திருடுகிறவர் முதலில் மாற்றுவதே அதைத்தான். பெயரே வராத, உங்கள் கைவண்ணம் உள்ள ஒரு வரியை எடுங்கள். உவமை இருந்தால் நல்லது. ஆறேழு சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஒரு கதைக்கு நான்கைந்து வரி, வெவ்வேறு அத்தியாயத்தில் இருந்து. அதே வரிகளைக் கூகுள் அலர்ட்டிலும் போட்டு வைத்தால் புதிதாக எங்காவது முளைக்கும்போது மடல் வர வாய்ப்புண்டு. செயலிக்குள் இருக்கிற கதை தேடலில் சிக்காமல் போகலாம். அங்கே வாசகர் கண்தான் கதி.

தமிழில் இன்னொரு தொல்லை. பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள். ‘கொ’ என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடிக்கிறவர்கள் ஏராளம். ‘ஸ்ரீ’ இரண்டு விதமாக எழுதப்படுகிறது. தமிழ் எண் ஏழு அப்படியே எகரம்போல இருக்கும், ஒன்று ககரம்போல, இரண்டு உகரம்போல. தெரியாமல் நடப்பதும் உண்டு, தேடலில் மாட்டாமல் இருக்க வேண்டுமென்றே எகரத்துக்குப் பதில் ஏழைப் போட்டதையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதனால் ‘தேடினேன், வரவில்லை’ என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு கதையை நிரலில் போட்டு ஒப்பிடுகிறவர்கள் முதலில் இரண்டையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

தளத்துக்கு ஒரு யோசனை: வலது சொடுக்கைப் பூட்டிவிடலாம். இல்லையென்றால் அத்தியாயத்தைப் படமாகவே போடலாம்.

செவிவழி | சனி, மதியம் 1.10

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எனக்குப் பார்வை இல்லை. இங்கே நான் வாசிப்பதெல்லாம் திரைவாசிப்பான் சொல்லிக் கேட்பதுதான். எழுத்தாக இருந்தால் அது படித்துக் காட்டும். படமாகப் போட்டால் ‘படம்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். போன வருடம் ஓர் எழுத்தாளர் திருட்டுக்குப் பயந்து தன் கடைசிப் பத்து அத்தியாயத்தைப் படமாக மாற்றினார். அவர் நாயகி கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திருடுகிறவருக்கு அது ஒரு தடையே இல்லை. போன் கேமராவைக் காட்டினால் கூகுள் லென்ஸ் தமிழை எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். பூட்டு எனக்குத்தான் விழும், திருடருக்கு இல்லை.

மாடிப்படி (நெறியாளர்) | சனி, மதியம் 1.25

படமாகப் போடும் பேச்சே இனி இல்லை. அந்தப் பத்து அத்தியாயத்தை எழுத்தாகத் தரச்சொல்லி அவரிடம் கேட்கிறேன். இதை நீங்கள் சொல்லித்தான் நான் யோசிக்கிறேன் என்பது வெட்கம்தான்.

வக்கீல்குமாஸ்தா | சனி, மாலை 5.00

பெயர்தான் குமாஸ்தா, படித்தது சட்டம். இதை ஆலோசனையாக எடுக்காமல் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பனாட்டு அக்கா இலங்கையில் இருப்பதால் இந்தியாவில் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு நாடும் பதிப்புரிமைக்கான பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் இருக்கின்றன. அங்கே 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், இங்கே 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. இந்தியாவில் பதிய விரும்பினால் ஓர் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபத்துக்கு 30 நாள் விடுவார்கள். கதையைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பது பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை, தேதிக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். உங்கள் தளப் பதிவே அதைவிட வலுவானது.

புனைபெயரில் எழுதினாலும் உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தின் பிரிவு 23-படி வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 வருடம். ஆசிரியர் யார் என்று தெரியவந்தால் அவர் ஆயுளுக்குப் பிறகு 60.

பிரிவு 57 முக்கியம். ‘இது என் எழுத்து’ என்று உரிமை கொண்டாடுவதும், சிதைத்துக் கெடுத்தால் தடுப்பதும் ஆசிரியரின் சிறப்பு உரிமை. கதையை விற்றபிறகும் அது ஆசிரியரிடமே இருக்கும். தில்லி விக்ஞான் பவனில் இருந்து பெயர்த்துக் கிடங்கில் போடப்பட்ட சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் அரசாங்கத்தின் மேல் போட்ட வழக்கில், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டுதான் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கவும் சொன்னது. சிற்பத்தின் சொந்தக்காரர் அரசாங்கம். ஆனாலும்.

பிரிவு 63 குற்றவியல். 6 மாதம் முதல் 3 வருடம்வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம்வரை அபராதம். வியாபார லாபத்துக்குச் செய்யாததாக இருந்தால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம். இந்தப் பிரிவைச் சொல்லி எடுத்த எடுப்பில் மிரட்டாதீர்கள். வேண்டியது கதை இறங்குவது. அதற்கு எளிய வழி உண்டு: 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதி. கதையை வைத்திருக்கும் இணையச் சேவைக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை அணுக முடியாமல் செய்ய வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். திறக்கலாம் என்றுதான் இருக்கிறது, உங்களிடம் இருக்கும் யகரத்தைப் பார்த்தபிறகு திறக்கத் துணிவார்களா தெரியாது.

மாடிப்படி சொன்ன ஒப்பந்தக் கல்யாண விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான்.

கரிசல்மண் | சனி, இரவு 8.30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் நிற்கிறேன். தமிழில் வழிநூல், சார்புநூல் என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. கம்பர் யார் கதையை எடுத்தார்? இணையத்தில் இலவசமாகப் போட்ட கதை இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று விட்டுவிட்டால் என்ன? யாருக்கு என்ன நட்டம்?

ஒற்றெழுத்து | சனி, இரவு 9.10

கம்பரை இழுத்தீர்களே, நல்லது. வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூன்று பேர், அவர்களில் முந்தியவர் சொன்னபடி நான் தமிழில் பாடுகிறேன் என்று அவர் பாயிரத்திலேயே சொல்லிவிட்டார். வழிநூல் என்றால் முதல்நூலோடு முடிவில் ஒத்து, தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்வது. அதாவது முதல்நூல் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வழிநூல். இவர் செய்த வேறுபாடு வடக்கே இருந்த கடலை வடக்கேயே விட்டது.

பனாட்டு | சனி, இரவு 9.30

கரிசல்மண் அண்ணா, நட்டம் என்ன என்று கேட்டீர்கள். காசு இல்லை, ஓம். என் அம்மம்மாவைப் பற்றி ஒருவர் அழுதிருக்கிறார். அந்த அழுகைக்கு நன்றி சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை.

கரிசல்மண் | சனி, இரவு 9.34

சரிம்மா. அதை நான் யோசிக்கவில்லை.

பழையபாவி | ஞாயிறு, அதிகாலை 2.15

புதுக் கணக்கு. பழைய கணக்கில் இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் நானும் இதைச் செய்தேன். வேறு ஒரு தளத்தில். முதல் மூன்று அத்தியாயம் சத்தியமாக என்னுடையவை. நல்ல வரவேற்பு. “யூடி எப்போ சிஸ்”, “அடுத்த எபி இன்னும் காணோம்” என்று அடுத்த அத்தியாயம் கேட்டுத் தினமும் இருபது முப்பது பேர். வாழ்க்கையில் எனக்காக யாரும் அதுவரை காத்திருந்ததில்லை. பரீட்சை வந்தது, எழுத வரவில்லை. பழைய கதை ஒன்றில் இருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துப் போட்டேன். அதற்குத்தான் அதிகம் இதயம் விழுந்தது. அப்புறம் இரண்டு காட்சி. ஒன்பதாவது அத்தியாயத்தில் என்னுடையது எதுவுமே இல்லை.

நிறுத்தியது எப்படித் தெரியுமா? ஒரு வாசகி தனிமடலில் எழுதினார். “இந்தக் காட்சியை நான் முன்பே வாசித்திருக்கிறேன். உன் முதல் மூன்று அத்தியாயத்தை இதற்கு முன் எங்கும் வாசித்ததில்லை. அதை எழுதியவள் எங்கே?” அவ்வளவுதான். பொதுவில் ஒரு சொல் சொல்லவில்லை. அன்று ராத்திரியே கதையை எடுத்துவிட்டேன். மூல எழுத்தாளருக்கு எழுதி மன்னிப்பும் கேட்டேன். அவர் திட்டினார், திட்ட வேண்டியதுதான்.

இப்போது எழுதுகிறேன். மெதுவாக. யூடி கேட்டால் “தெரியாது” என்று சொல்லப் பழகிவிட்டேன்.

சுடுகாபி | ஞாயிறு, காலை 10.00

இரண்டு தடவை தட்டி அழித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு இன்னும் கோபம் குறையவில்லை. 38 அத்தியாயமும் பத்தொன்பது வயதுத் தடுமாற்றமும் ஒன்றில்லை. ஆனால் ஐம்பது பேர் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

மல்லிச்செடி | ஞாயிறு, காலை 11.20

நடுவில் ஒரு கேள்வி. கொரியன், ஆங்கிலக் கதைகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழாக்கி, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வேறு சொல்லில் எழுதவைத்துத் தன் கதை என்று போடுகிறார்களே. அதில் வரியும் ஒத்துப்போகாது, யகரமும் மாட்டாது. என்ன செய்வது?

ஒற்றெழுத்து | ஞாயிறு, மதியம் 12.00

கடினம்தான். சொல் போய்விடும், அடுக்கு போகாது. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, யார் எப்போது கதவைத் திறக்கிறார், எந்த அத்தியாயம் எந்த வசனத்தில் முடிகிறது, இதை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். செத்தவர் எழுந்து டீ குடிப்பதை எந்த இயந்திரமும் தானாகத் திருத்திவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வக்கீல்குமாஸ்தா | ஞாயிறு, மதியம் 12.20

மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையதே. வேறு மொழி என்பது தப்பிக்கும் வழி இல்லை.

பனாட்டு | வியாழன், இரவு 8.00

நல்ல செய்தி. 75-ஆவது விதியைச் சொல்லிப் புகார் அனுப்பினேன். ஒற்றெழுத்து ஐயாவின் யகரப் பட்டியலும் சின்னமாமாவும் இணைப்பில் போனார்கள். நேற்று அந்தக் கதை இறங்கிவிட்டது.

கெட்ட செய்தி. செவிவழி தம்பி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்.

செவிவழி | வியாழன், இரவு 8.10

யூடியூபில் ஒலிநாவல் கேட்பது என் வழக்கம். ஒரு சேனலில் இயந்திரக் குரலில் ஒரு கதை ஓடியது. ஐந்தாவது நிமிடத்தில் “நிலாயம் மூன்று மணி” என்றது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் எடுத்தது அக்காவின் மூலக்கதையை இல்லை, திருடப்பட்ட பிரதியை. திருட்டுக்குள் திருட்டு.

பனாட்டு | வியாழன், இரவு 8.25

அதற்கும் புகார்ப் படிவம் நிரப்பப் போனேன். கை நின்றுவிட்டது. என் முழுப்பெயர் கேட்கிறது. நான் எழுதுவது என் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியும் மச்சாள்மாரும் என் கதையை வாசிக்க வேண்டும் என்ற ஆசையே எனக்கு இல்லை.

வக்கீல்குமாஸ்தா | வியாழன், இரவு 9.00

நிறைய பெண்கள் புகார் கொடுக்காமல் விடுவதற்கு இதுதான் காரணம். புகார் செய்பவரின் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் வேறொருவர் உங்கள் பிரதிநிதியாகக் கொடுக்கலாம். அந்த இடத்தில் அவர் பெயர் இருக்கும். அந்தச் சேனல்காரர்கள் ‘இதை எடுத்தது தவறு’ என்று எதிர்மறுப்புக் கொடுத்தால் மட்டும் சிக்கல்: யூடியூப் அமெரிக்கச் சட்டப்படி நடப்பதால் அந்தக் கணக்கில் 10 வேலைநாளுக்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் காணொளி திரும்ப வரும். பொய்யாக மறுப்பதும் அங்கே ஆபத்து என்பதால் இப்படிப்பட்ட சேனல்கள் அதுவரை போவது குறைவு என்பது என் அனுபவம்.

பிரதிநிதியாக என் பெயரைப் போடுங்கள் அக்கா. கட்டணம், அடுத்த கதையின் முதல் அத்தியாயத்தை எனக்கு முதலில் அனுப்புவது.

நள்ளிரவுவாசகி | வெள்ளி, இரவு 11.30

இன்னொரு திருப்பம். கதையைப் போட்ட பெண் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். அவர் அதை எழுதவும் இல்லை, திருடவும் இல்லையாம். முகநூல் குழு ஒன்றில் ‘கதை எழுதித் தருகிறோம்’ என்ற ஆளிடம் 1,500 ரூபாய் கொடுத்து வாங்கினாராம். உண்மையா என்று தெரியாது. 2019-இல் பிரேசிலைச் சேர்ந்த ஒரு காதல் நாவலாசிரியர் மேல் புகார் வந்தபோது அவரும் “எழுத ஆள் வைத்திருந்தேன்” என்றுதான் சொன்னார். அதைப் பொதுவில் சொன்னது நாவலாசிரியர் கோர்ட்னி மிலன், வழக்குப் போட்டது இன்னொரு நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ்.

ஒன்று மட்டும் கேட்டேன்: “எழுதும்போதே அழுதுவிட்டேன் என்றீர்களே?” பதில் வரவில்லை.

மாடிப்படி (நெறியாளர்) | சனி, காலை 10.00

நம் தளத்துக்குள் இனி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசினோம். புகார் தனிமடலில் வரட்டும். மூன்று இடமாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்பட வேண்டும். கரு ஒன்றாக இருக்கிறது என்பது புகாரே இல்லை. இரண்டு பேருக்கும் நட்பு இல்லாத இரண்டு வாசகர்கள் படித்துப் பார்ப்பார்கள். எழுதியவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள். அதுவரை யார் பெயரும் வெளியே வராது. நிரூபணமானால் கதை போகும், ஆனால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. இந்தக் கதை இன்னாருடையது, அதை இங்கே வாசிக்கலாம் என்று ஒரு வரி நிற்கும்.

முதல் தடவைக்குக் கணக்கை முடக்குவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை. சுடுகாபியையும் பழையபாவியையும் அந்தக் குழுவில் சேர்த்திருக்கிறேன். அவர்களே அடித்துக்கொள்ளட்டும்.

பனாட்டு | ஞாயிறு, இரவு 7.45

ஒலிநாவலும் இறங்கிவிட்டது. குமாஸ்தா தம்பிக்கு முதல் அத்தியாயம் அனுப்பியாயிற்று.

புதுத் தொடர் அடுத்த வெள்ளியில் இருந்து. இந்தமுறை நாயகன் பெயர் மணி. தினமும் காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறுவான், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பான், அவனுடைய மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கும், கோயில் மணி அடிக்கிற நேரத்தில்தான் அவளை முதலில் காண்பான்.

ஒற்றெழுத்து | ஞாயிறு, இரவு 7.52

எட்டு அர்ஜுன்க்குப் பஸ்ஸா? காத்திருக்கிறேன்.